முந்தநாள் இடத்தில்தான் நிற்கிறேன்

அன்புத் தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய டிரைவரை இரண்டு தரம் வாசித்தேன். உப்பளப் பாத்தியின் உவர்ப்பை அளக்கிற சென்சருக்குக் கற்பிட்டியில் இருந்துகொண்டு ஒருத்தி லினக்ஸ் டிரைவர் எழுதுகிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோசம். ஒரு வரியில் மட்டும் நின்றுவிட்டேன். பஃபரை ஒதுக்கியதும் அதன் முகவரியை அச்சிடுகிறாய். முதலில் ‘%பி’ போட்டிருக்கிறாய். வந்த எண் விசித்திரமாக இருக்கவே, முகவரியை அப்படியே காட்டும் ‘%பிஎக்ஸ்’ ஆக மாற்றி, “இப்போது சரியாக வருகிறது” என்று குறிப்பும் எழுதியிருக்கிறாய்.

என் மாமா கண்டக்குழியில் வள்ளம் வைத்திருந்தவர். மீன் பட்ட இடத்தை வயர்லெஸ் செட்டில் ஒருநாளும் சொல்லமாட்டார். எத்தனை காது கேட்டுக்கொண்டிருக்கும்! “முந்தநாள் இடத்திலதான் நிக்கிறன்” என்பார். கூட்டாளிக்கு விளங்கிவிடும், மற்றவனுக்கு ஒன்றும் கிடைக்காது.

2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலின் %பி செய்வதும் இதைத்தான். அதுவரை முகவரியை அப்படியே அச்சிட்டது. டோபின் ஹார்டிங் எழுதிய திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக உருவாகும் ரகசியச் சாவி ஒன்றை வைத்து, சிப்ஹாஷ் முறையில் முகவரியைக் குழப்பி, 32 பிட்டை மட்டும் காட்டுகிறது. 64 பிட் இயந்திரத்தில் பதினாறு இலக்கத்தில் முதல் எட்டும் பூச்சியம். நீ திகைத்தது அதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். பூட்டின் ஆரம்பத்தில், சாவி தயாராகாத நேரத்தில், எண்ணே வராது, ‘பிடிஆர்வால்’ என்ற சொல்தான் வரும். அதைக் கண்டும் பயப்படாதே.

இவ்வளவு மறைப்பு எதற்கு? கெர்னல் ஒவ்வொரு பூட்டிலும் தன்னை வேறொரு இடத்துக்கு நகர்த்தி வைத்துக்கொள்கிறது. கேஏஎஸ்எல்ஆர் என்பது அதுதான். ஆனால் மொத்தமாக ஒரே அளவுதான் நகர்கிறது. ஒரேயொரு ஃபங்ஷனின் உண்மை முகவரி கெர்னல் லாக்கான டிமெசேஜில் கசிந்தால் போதும், கழித்துப் பார்த்து மற்றதையெல்லாம் பிடித்துவிடலாம். உன் பஃபர் அந்த வகை இல்லைதான். ஆனாலும் தாக்க வருகிறவனுக்கு அதுவும் ஒரு பிடி.

உனக்கு அந்த முகவரி எதற்கு என்று யோசித்துப் பார். %பி அச்சிட்ட இந்த மூன்று வரியைப் பார்:

ஒதுக்கியது 0000000041873095
விடுவித்தது 0000000041873095
விடுவித்தது 0000000041873095

ஒரே பஃபரை இரண்டு தரம் விடுவித்திருக்கிறது. அது எங்கே இருந்தது என்று தெரியாமலே பிழை பிடிபட்டுவிட்டது. பதினாறு இலக்கமும் நிரப்பி வருவதால் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன, கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினாலே போதும். %பியை விட்டுவிட்டு முகவரியை இன்ட் ஆக்கி ‘%எக்ஸ்’ இல் அச்சிடுகிற பழக்கமுள்ளவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மேல்பாதி வெட்டுப்பட்டு, வேறு வேறு முகவரிகள் ஒன்றுபோலத் தெரியலாம்.

ஒரு எச்சரிக்கை. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் இரண்டு லாக்கை அருகருகே வைத்து, “இங்கே ஏன் எண் மாறுகிறது?” என்று இரண்டு இரவு மண்டையை உடைத்தேன். நடுவில் மெஷின் ரீபூட் ஆனதைக் கவனிக்கவில்லை. சாவி மாறினால் எண்ணும் மாறும். மாமாவின் ‘முந்தநாள் இடம்’ அடுத்த கிழமை வேறு இடம்தானே.

ஃபங்ஷன் பாயின்டர் என்றால் ‘%பிஎஸ்’ போடு, எஸ் பெரிய எழுத்தில். ஃபங்ஷனின் பெயரும் அதற்குள் எத்தனை பைட் தள்ளி என்பதும் வரும். எண்ணைவிட அதுதான் வாசிக்கிறவனுக்கு உதவும். பாயின்டருக்குள் எரர் கோட் இருந்தால் ‘%பிஇ’ பெயரைச் சொல்லும், 5.5 பதிப்பிலிருந்து.

உன் மேசையிலுள்ள போர்டில் உண்மை முகவரி வேண்டியே இருக்கிறதா? பூட் கட்டளையில் ‘நோ ஹாஷ் பாயின்டர்ஸ்’ போடு, 5.12 இலிருந்து இருக்கிறது. அது பூட் ஆகும்போதே பெரிய கட்டம் கட்டி எச்சரிக்கும். நிரலில் கை வைக்கத் தேவையில்லை, மறந்துபோய் உப்பளத்துக்கு அனுப்பிவிடும் ஆபத்தும் இல்லை.

%பிஎக்ஸை எடுத்துவிட்டு நாளைக்கே திரும்ப அனுப்பு. பாத்தியில் சென்சர் நட்ட படம் ஒன்றும் சேர்த்து அனுப்பு, உப்பு அதன் வயரைத் தின்னாமல் என்ன சுற்றியிருக்கிறாய் என்று பார்க்க ஆசை.

அன்புடன்,
அண்ணன்