வளைந்த சட்டகமும் கண்ணாடியின் பவரும்

முகத்தைச் சுற்றி வளையும் சட்டகத்தில் புதுக் கண்ணாடி அணிந்தோர் சிலர், ‘சீட்டில் உள்ள பவர்தான், ஆயினும் பார்வை தெளியவில்லை’ என்று எம்மிடம் கூறுவதுண்டு. பல நேரங்களில் இதற்குக் காரணம் லென்ஸின் சாய்வே.

கண் பரிசோதனையின்போது சோதனை லென்ஸ் கண்ணுக்கு ஏறக்குறைய நேராக நிற்கிறது. வளைந்த சட்டகத்திலோ அது பக்கவாட்டில் திரும்பி நிற்பதால், ஒளி சாய்வாக ஊடுருவுகிறது. அதனால் பவர் சற்றே கூடுகிறது. சீட்டில் இல்லாத சிலிண்டர் பவரும் தோன்றுகிறது. சான்றாக, மைனஸ் 6.00 லென்ஸ் 20 பாகை திரும்பினால், கண் உணர்வது ஏறத்தாழ மைனஸ் 6.25 பவரும் மைனஸ் 0.80 சிலிண்டரும் ஆகும். குறைந்த பவர் உடையோருக்கு இம்மாற்றம் பெரிதாகத் தெரியாது.

இதனை ஈடுசெய்ய, சட்டகத்தை முகத்தில் அணிவித்து, அதன் வளைவு, முன்சாய்வு, கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றை அளந்து பவரைத் திருத்துகிறோம். ஆகவே, லென்ஸ் உறையில் உள்ள எண் மருத்துவர் சீட்டிலிருந்து சற்று வேறுபட்டிருப்பின், அது இத்திருத்தமாக இருக்கலாம். பிழையெனக் கருதுமுன் எம்மிடம் கேளுங்கள்.

அவ்வாறு திருத்திய லென்ஸ் அச்சட்டகத்திற்கே உரியது. அதனை வேறு சட்டகத்தில் பொருத்துவதையும், சட்டகத்தை வீட்டிலேயே வளைப்பதையும் தவிர்க்க வேண்டுகிறோம். மங்கலோ தலைவலியோ தொடர்ந்தால், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடாமல், சீட்டுடன் எடுத்து வாருங்கள்.