கம்பம் ஏறும் குட்டி ரோபோ: தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

பாப்பா, நேற்று ராத்திரி நீ போனில் போட்டியைப் பற்றிச் சொன்னதிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். மூன்று மீட்டர் இரும்புக் கம்பம். குட்டி ரோபோ அதில் ஏறி உச்சியில் இருக்கிற தட்டை இடிக்க வேண்டும். முதலில் இடிப்பவருக்கு அதிகப் புள்ளி. நீ அதற்குள் எந்த மோட்டார் வாங்கலாம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாய். மோட்டாரைப் பிறகு பார்க்கலாம். அம்மாவின் சமையலறைத் தராசை எடுத்து உன் மேசையில் வை.

கணக்கு சின்னதுதான். ஒரு கிலோவை மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒரே நொடியில் தூக்க ஏறக்குறைய 30 வாட் வேண்டும். இரண்டு கிலோ என்றால் 60 வாட். பெரிய மோட்டார் போட்டால் பெரிய பேட்டரி வேண்டும், பேட்டரியைத் தாங்கத் தடித்த தகடு வேண்டும், தகட்டைப் பிடிக்க இன்னும் நாலு போல்ட். அதனால் ஒவ்வொரு உருப்படியையும் நிறுத்து நோட்டில் எழுது. திருகு, ஒயர், கனெக்டர் எதையும் விடாதே. தகட்டில் ஓட்டை போட்டு எடை குறைப்பதெல்லாம் கடைசி வேலை. இந்தப் பாகமே வேண்டுமா என்று கேட்பதில்தான் நூறு நூறு கிராமாகக் குறையும்.

இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் 2011-ஆம் ஆண்டு ஆட்டத்துக்கு 'லோகோ மோஷன்' என்று பெயர். கடைசி 10 நொடியில் பெரிய ரோபோ ஒரு 'மினிபாட்'டைக் கம்பத்தில் ஏற்றிவிட வேண்டும். வந்து சேரும் வரிசைப்படி 30, 20, 15, 10 புள்ளிகள். தொடக்கத்தில் பல குழுக்கள் கியர்பாக்ஸோடு நிதானமாக ஏறின. போகப் போக கியரையே கழற்றிவிட்டு, மோட்டார் தண்டிலேயே சின்ன உருளையை மாட்டிவிட்டார்கள். ஏறும் நேரம் ஒரு நொடியை ஒட்டி வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்தது அது. இன்றைக்கும் அந்த வீடியோக்களைப் பார்த்தால் எனக்குச் சிலிர்க்கும்.

கியர் இல்லாமல் எப்படி முடிந்தது? டிசி மோட்டார் அதிகபட்ச சக்தி தருவது, சுமையில்லாமல் ஓடும் வேகத்தில் பாதியில். நிமிடத்துக்கு 5,000 சுற்று மோட்டார் என்றால் 2,500 சுற்றில். அந்த வேகத்தில் நொடிக்கு 3 மீட்டர் ஏற, சக்கரத்தின் விட்டம் 23 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கிட்டத்தட்ட ஐந்து ரூபாய் நாணயம். உன் சக்கரம் அவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்று தெரிந்துவிட்டால், கியர் செய்கிற வேலையைச் சக்கரமே செய்துவிடும். புறப்படும்போது வேகம் பிடிக்கவும் சக்தி செலவாகும், அதனால் கணக்கில் வருவதைப்போல் ஒன்றரை மடங்கு சக்தியுள்ள மோட்டாராகப் பார். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒரே ஒரு ஜோடி கியர் போடு, தப்பில்லை.

இனி பிடிமானம். நெல்லைப் பக்கம் பனையேறிகளைப் பார்த்திருக்கிறாய். காலில் தளைநார், உடம்பு மரத்தைவிட்டுச் சற்றே வெளியே சாயும், பாதம் மரத்தை அழுத்தும். அவர் கனமே அவருக்குப் பிடி. இதே முறையில் கனத்தை வெளியே தள்ளி வைத்து ஏறும் ரோபோக்களும் உண்டு. மெதுவாக, அதிகச் சுமையோடு ஏற அது அருமையான வழி. ஆனால் வேகமாக ஏறும்போது ஒரு சின்னக் குதிப்பு வந்தாலும் பிடி விட்டுப் போகும். உன் கம்பம் இரும்பு என்பதால் நான் காந்தத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன். விதிப்புத்தகம் அனுமதிக்கிறதா என்று பார். கம்பத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்றும் ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார். அலுமினியம் என்றால் ஸ்பிரிங்தான்.

ரப்பருக்கும் காய்ந்த இரும்புக்கும் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொள். ஒரு கிலோ ரோபோ வழுக்காமல் நிற்கவே சக்கரங்கள் 12 நியூட்டனுக்குக் கொஞ்சம் மேல் அழுத்த வேண்டும். ஏறுவதற்கு நான் 25 வைப்பேன். அதற்கு மேல் போனால் அழுத்தத்திலேயே சக்தி வீணாகும். நியோடிமியம் காந்தம் கம்பத்தைத் தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, காந்தத்துக்குப் பின்னால் காகிதத் துண்டுகளைச் செருகியும் உருவியும் இழுவையைச் சரிசெய். இடைவெளி கொஞ்சம் கூடினாலும் இழுவை மளமளவென்று குறையும். இரண்டு காந்தங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதே, விரல் நடுவில் மாட்டினால் ரத்தம் கட்டும்.

உருண்டைக் கம்பத்தைத் தட்டையான உருளை ஒரு புள்ளியில்தான் தொடும். உடுக்கை மாதிரி நடு ஒடுங்கிய உருளையைச் சும்மா உருளும் சக்கரத்துக்கு மட்டும் வைத்துக்கொள். மோட்டார் சக்கரத்துக்கு அது வேண்டாம், நடுவிலும் ஓரத்திலும் வேகம் வேறுபட்டு ரப்பர் தேயும். சக்கரத்துக்கு உறை பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய சைக்கிள் ட்யூப். அச்சு ஒரு டிகிரி கோணினால் மூன்று மீட்டர் ஏறுவதற்குள் 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும், ரோபோ கொடி மாதிரி கம்பத்தைச் சுற்றும். கோணலைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே, மட்டம் வைத்துப் பார்.

பயிற்சிக் கம்பத்துக்கு டெல்லி முனிர்கா கிராமத்துச் சந்துகளில் இருக்கும் ஹார்டுவேர் கடையே போதும். 'டேட் இஞ்ச் ஜிஐ பைப்' (ஒன்றரை அங்குலம்) என்று கேட்பாய். வாங்கிவந்து அளந்தால் 38 மில்லிமீட்டர் இருக்காது, வெளிவிட்டம் 48.3 இருக்கும். பைப்பின் பெயர் வேறு, அளவு வேறு. போட்டி விதியில் எழுதியிருப்பது வெளிவிட்டமா, வெறும் பெயர் அளவா என்று எழுதிக் கேட்டுவிடு. சுவிட்ச், கனெக்டர், மோட்டாருக்கு லாஜ்பத் ராய் மார்க்கெட். முனிர்காவில் மெட்ரோ ஏறி ஹவுஸ் காஸில் மாறி சாந்தினி சௌக்கில் இறங்கி நட. ஞாயிற்றுக்கிழமை போகாதே, கடை இருக்காது.

ஏறுவதற்கு மட்டும் நேரம் பார்க்காதே. 2016-இல் பாங்காக்கில் நடந்த ஏபியு ரோபோகான் போட்டியில், ரோபோ காற்றாலைக் கம்பத்தில் ஏறி விசிறியைப் பொருத்த வேண்டியிருந்தது. மலேசியாவின் யுடிஎம் பல்கலைக்கழகம் வென்றது. அந்த ஓட்டங்களை ஸ்டாப்வாட்ச்சோடு பார். கம்பத்தைத் தேடிப் பிடிக்க எவ்வளவு, ஏற எவ்வளவு என்று தனித்தனியாகக் குறி. உன் ரோபோவுக்கும் அப்படியே செய். வாய் அகலமாக, உள்ளே குறுகிப் போகிற மாதிரி இரண்டு தகடு வைத்தால், சற்றுத் தள்ளிப் போய் இடித்தாலும் கம்பம் தானாக நடுவுக்கு வந்துவிடும்.

உச்சியில் ஒரு லிமிட் சுவிட்ச் கட்டாயம். தட்டை இடித்ததும் பேட்டரி இணைப்பு துண்டாகி, மோட்டாரின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று இணைய வேண்டும். அப்படி இணைந்த மோட்டார் பிரேக் மாதிரி இழுத்துப் பிடிக்கும், ரோபோ மெதுவாக இறங்கும். என் இரண்டாம் ஆண்டில் நான் இதை வைக்கவில்லை. மேலே முட்டிக்கொண்டே சுற்றிய சக்கரம் சூடாகி வழுக்கி, ரோபோ மொட்டை மாடி சிமெண்டில் விழுந்தது. நசுங்கிய லிப்போ பேட்டரி ஒரு மணி நேரத்தில் வீங்கிவிட்டது. அப்பா அதை மணல் வாளியில் வைத்துத் திறந்த வெளியில் விட்டுவிட்டு, ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து பார்த்தார். நீ கம்பத்தின் அடியில் பழைய மெத்தையைப் போடு. உச்சியில் ஒரு கப்பி மாட்டி ரோபோவை நூலில் கட்டு. அடிபட்ட பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே போடாதே.

டெல்லி தூசி உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் கம்பத்தையும் ரப்பரையும் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடை. ஜனவரிக் காலையில் மாடியில் பேட்டரி குளிர்ந்து போனால் வோல்ட் இறங்கும், நேற்று ஏறிய ரோபோ இன்று பாதியில் நிற்கும். ஓடவிடும் வரை பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்.

சனிக்கிழமை கூப்பிடுகிறேன். படம் அனுப்புவதற்கு முன் மொத்த எடை எத்தனை கிராம் என்று எழுதி அனுப்பு.