ஊனோவுக்கு இரண்டாவது சீரியல் போர்ட்

கேள்வி: காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். கம்ப்ரசரின் எனர்ஜி மீட்டரை ஆர்எஸ்-485 மோட்பஸ் வழியாக ஆர்டுயினோ ஊனோவில் படிக்கிறேன். இருக்கும் ஒரே சீரியல் போர்ட் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதால், மீட்டருக்கு சாஃப்ட்வேர்சீரியல். வேகம் 9600. டிஎஸ்18பி20 வெப்ப சென்சாரைச் சேர்த்ததிலிருந்து அடிக்கடி சிஆர்சி பிழை வருகிறது. எஸ்பிஐ வழியாக இன்னொரு சீரியல் போர்ட் தரும் மேக்ஸ்3100 சிப் போட்டால் தீருமா? மெகா போர்டே வாங்கிவிடட்டுமா?
- ஒரு வாசகர், திருப்பாச்சூர்

பதில்: சென்சார் வந்த பிறகுதான் பிழை என்கிறீர்களே, சந்தேகமும் அங்கேதான் போகிறது. 9600 வேகத்தில் ஒரு பிட் 104 மைக்ரோ நொடி. ஒன்வயர் லைப்ரரி சென்சாருக்கு ஒரு பூஜ்யத்தை எழுத சுமார் 65 மைக்ரோ நொடி இன்டரப்டை நிறுத்தி வைக்கிறது. அந்த நேரம் பார்த்து மீட்டரின் பைட் தொடங்கினால், சாஃப்ட்வேர்சீரியல் தாமதமாக விழித்து பிட்டுகளைத் தப்பான இடத்தில் படிக்கும். ஆகவே முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள்: மீட்டரின் பதில் முழுதாக வந்து முடிந்த பிறகே சென்சாரைத் தொடும்படி புரோகிராமை மாற்றுங்கள். பிழை நின்றால் எந்தச் சிப்பும் வேண்டாம்.

நிற்காவிட்டால், ஒரே ஒரு இயந்திரத்துக்கு மெகாதான் என் தேர்வு. அதில் நான்கு ஹார்டுவேர் சீரியல் போர்ட்டுகள் உண்டு. நீங்களே சிறிய போர்டு அடித்துப் பல இடங்களில் மாட்டப்போகிறீர்கள், அதிலும் பேட்டரியில் ஓடவேண்டும் என்றால் மேக்ஸ்3100 அருமையான சிப். எட்டுக் கால் ஐசி பிடிக்கும் இடமே போதும்; ஷட்டவுனில் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கும். எட்டு பைட்டுகளைத் தானே சேர்த்து வைப்பதால், ஊனோவுக்கு 8 மில்லி நொடி அவகாசம் கிடைக்கும். 65 மைக்ரோ நொடி அதன்முன் ஒன்றுமே இல்லை.

கிரிஸ்டலுக்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் போடுங்கள். 16-ஆல் வகுத்தால் 115200, அதை 12-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 9600. எஸ்பிஐ-யில் ஒவ்வொரு கட்டளையும் 16 பிட்; இரண்டு பைட்டும் போய் முடியும்வரை சிஎஸ் காலை லோவிலேயே வையுங்கள். இந்தச் சிப் பாரிட்டியைத் தானாகக் கணக்கிடாது. மீட்டர் ஈவன் பாரிட்டியில் இருந்தால் புரோகிராமில் கணக்கிட வேண்டும், அல்லது மீட்டரில் 'நன்' என்று மாற்றிவிடலாம்.

ஆர்எஸ்-485 டிரைவர் தனியாகத் தேவை. மேக்ஸ்485 மாட்யூல் கையில் இருக்குமே, அதுவே போதும். அதன் டிஇ, ஆர்இ கால்களைச் சேர்த்து சிப்பின் ஆர்டிஎஸ் காலில் கொடுக்கலாம். ஆர்டிஎஸ் பிட் 1 என்றால் கால் லோ ஆகும், தலைகீழ். அனுப்பும்போது பிட் 0 இருக்கட்டும்.

பலர் சிக்குவது இங்கேதான்: டிரான்ஸ்மிட் பஃபர் காலி என்று சிப் சொல்லும்போது, கடைசி பைட் இன்னும் வயரில் போய்க்கொண்டிருக்கும். உடனே டிரைவரை அணைத்தால் சிஆர்சியின் வால் அறுந்து, மீட்டர் பதிலே தராது. 1.2 மில்லி நொடி பொறுத்து அணையுங்கள். மோட்பஸ் விதிப்படி மீட்டர் மூன்றரை எழுத்து நேரம், ஏறக்குறைய 4 மில்லி நொடி, அமைதி காத்த பிறகே பேசும். அதற்குள் லைனை விட்டுவிட வேண்டும்.