சத்தம் வேறு, சக்தி வேறு
ஏர் ஃபில்டர், சைலன்சர் சரக்கு பற்றி வணிகர் அறிய வேண்டியவை

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் விற்கும் நம் கடைகளுக்கு வரும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் சரக்குகள் இரண்டு. ஒன்று கோன் ஃபில்டர், மற்றொன்று ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். "இதைப் போட்டா பிக்கப் ஏறுமா, அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். "ஏறும் தம்பி" என்று சொல்லிவிட்டால் வியாபாரம் அந்த நிமிடமே முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் வெளிமாநிலச் சரக்காக ஒரு டஜன் சைலன்சர் கொள்முதல் செய்து சில்லறைக் கடைகளுக்கு அனுப்பினோம். இரண்டே மாதத்தில் ஏழு திரும்பி வந்தன. ஒரு பையன் தன் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சரை மாற்றியதோடு ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றிவிட்டான். பிஸ்டன் பிடித்துக்கொண்டது. சைலன்சர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். "பிஸ்டன் செலவை யார் தருவது?" என்று அவன் தகப்பனார் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை. அதன் பிறகே அனுபவப்பட்ட மெக்கானிக்குகளிடம் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டறிந்தோம். அதை நம் சங்க உறுப்பினர்களுக்கும் சொல்வது கடமை என்று நினைக்கிறோம்.

எஞ்சினின் மூச்சு

கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிராம் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9000 லிட்டர் காற்று. 97.2 சி.சி. ஸ்பிளெண்டர் வண்டியை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடும்போது எஞ்சின் 2000 தடவை மூச்சிழுக்கிறது. ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 190 லிட்டர் காற்று உள்ளே போக இடமுண்டு. எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவுக்குத்தான் பெட்ரோல் எரியும். எவ்வளவு எரிகிறதோ அவ்வளவுதான் சக்தி.

ஆகவே காற்று வரும் வழியையும் புகை போகும் வழியையும் அகலப்படுத்தினால் சக்தி கூடும் என்பது அடிப்படையில் பொய்யல்ல. பந்தய வண்டிகளில் அதைத்தான் செய்கிறார்கள். சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்திலும், பிறகு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் ஓடிய வண்டிகளில் சைலன்சர் மட்டுமா மாறியது? ஜெட், கேம், போர்ட், கம்ப்ரஷன் எல்லாம் சேர்த்து மாற்றப்பட்டன. சைலன்சரை மட்டும் மாற்றுவது, கடையின் வாசலை இடித்து அகலமாக்கிவிட்டு உள்ளே சரக்கு வைக்காமல் இருப்பதற்குச் சமம்.

காற்று வரும் வழி

சுத்தமான கம்பெனி ஃபில்டர் காற்றை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதை எடுத்துவிட்டுக் கோன் ஃபில்டர் போடுவதால் சாலை வண்டியில் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். சுமார் 8 குதிரைத்திறன் உள்ள வண்டியில் நூற்றுக்கு 5 கூடினாலும் அரைக் குதிரை கூடத் தேறாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் இறங்கிக்கொண்டால் வண்டி அதைவிட நன்றாக இழுக்கும்.

நஷ்டமோ பெரிது. பெட்டியைக் கழற்றிவிட்டால் எஞ்சின் ஓரத்துச் சூடான காற்று உள்ளே போகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அடுத்து, கார்புரேட்டர் வண்டியில் காற்று கூடி, பெட்ரோல் அதே அளவில் நின்றால் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவையில் எஞ்சின் சூடேறும், பிளக் வெளுக்கும், கடைசியில் பிஸ்டனில் கை வைக்கும். மெயின் ஜெட்டை மாற்றாமல் ஃபில்டரை மட்டும் மாற்றக் கூடாது என்பது இதனால்தான். 2025 முதல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதில் பழைய கார்புரேட்டர் வண்டியின் கலவை முன்பே சற்று மெலிந்திருக்கிறது. அதன் மேல் இதுவும் சேர்ந்தால் வினைதான்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். நிதானமாக ஓட்டும்போது ஓரளவுக்கு அது சரிசெய்யும். முழு ஆக்ஸிலேட்டரில் கம்ப்யூட்டர் தன்னிடம் எழுதிவைத்த கணக்குப்படிதான் பெட்ரோல் கொடுக்கும். அந்தக் கணக்கு கம்பெனி ஃபில்டருக்கும் கம்பெனி சைலன்சருக்கும் போட்டது.

புகை போகும் வழி

"சைலன்சரில் அடைப்பு இருந்தால்தான் இழுவை" என்று ஒரு கட்சி; "அடைப்பே கூடாது" என்று மற்றொரு கட்சி. இரண்டும் அரைகுறை. வேண்டியது அடைப்பல்ல, புகையின் வேகம். புகை அலை அலையாக வெளியேறுகிறது. பெண்ட் பைப்பின் நீளமும் விட்டமும் சரியாக இருந்தால் ஒரு அலை போகும்போது மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் வேகம் குறைந்து, நாம் ஊருக்குள் ஓட்டும் குறைந்த சுற்றில் இழுவை விழுந்துவிடும்.

டூ ஸ்ட்ரோக்கில் இது இன்னும் முக்கியம். அதில் சைலன்சர் எஞ்சினின் ஓர் உறுப்பு என்றே சொல்லலாம். சைலன்சரின் வயிற்றில் மோதித் திரும்பும் அலை, வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இந்த வித்தையைப் பக்குவப்படுத்தினார். 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டி 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் தந்ததில் அதன் சைலன்சருக்கும் பங்குண்டு. உள்குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டிய பையன்களுக்குக் கூடியது சத்தம், கூடாதது சக்தி. நிறைகுடம் தளும்பாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நம் பகுதிக்கே உரிய ஆபத்து

மெலிந்த கலவை சைலன்சருக்குள் வெடிப்பதையும், வாயில் தீ கக்குவதையும் இளைஞர்கள் பெருமையாக நினைக்கிறார்கள். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. மருந்துத் தூள் சட்டையில் ஒட்டியிருக்கும் மனிதர் ஏறும் வண்டி அது. ஒரு பொறிக்கு என்ன விலை என்பதைச் சிவகாசிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சத்தத்துக்கும் அளவு உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் என்று 1999இல் பட்டாசுக்கு வரம்பு வந்ததை நாம் அறிவோம். அதுபோலப் புதிய இருசக்கர வண்டிகளுக்கு 2005இல் வந்த வரம்பு 80 சி.சி. வரை 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. இரண்டும் வெவ்வேறு முறையில் அளப்பவை. ஆனால் பட்டாசு ஒரு நொடியில் ஓய்ந்துவிடும். வண்டிச் சத்தம் தெரு முழுக்க, ஆஸ்பத்திரி வாசல் வரை கூடவே வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 190(2) பிரிவின்படி சத்தம், புகை வரம்பை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. மூன்று மாதம் லைசென்ஸும் போகும். பிடித்த சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்கள் பல நகரங்களிலிருந்து பத்திரிகைகளில் வந்துவிட்டன. நசுங்குவது வாடிக்கையாளரின் பணம். கூடவே நம் கடையின் பெயர்.

நாம் விற்க வேண்டியது

நம் ஊரில் வண்டியின் சக்தியைத் திருடுவது கம்பெனி ஃபில்டர் அல்ல, அதில் அடைந்த தூசி. கரிசல் காட்டுப் புழுதியும் ஆலங்குளம் பக்கத்துச் சிமெண்ட் தூசியும் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். எனவே பிக்கப் கேட்டு வருகிறவரிடம் முதலில், "ஃபில்டர் மாற்றி எத்தனை நாளாச்சு, தம்பி?" என்று கேளுங்கள். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. அடைந்தால் மாற்றுவதே முறை. ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவிப் பிழிந்து, உலர்த்தி, ஆயில் தடவிப் போட வேண்டும். கார்புரேட்டர் ரப்பரில் வெடிப்பு, பெண்ட் பைப் பேக்கிங்கில் கசிவு, பிளக்கின் நிறம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் சில நூறு ரூபாய்க்குள் முடியும் சரக்குகள். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரில் வரும் லாபம் இதில் ஒரே நாளில் வராது. ஆனால் ஃபில்டர் வாங்கியவர் திரும்ப வருவார்; பிஸ்டன் போனவர் வரமாட்டார். அந்த ஏழு சைலன்சர்களைப் பழைய இரும்புக்குப் போட்ட நாளிலிருந்து, "ஏறும் தம்பி" என்று சொல்வதை நிறுத்திவிட்டோம். விற்பனை குறையவில்லை.