குருதி கூறும் செய்தி

மழைக்காலம் முடியும் வேளையில் தில்லி போன்ற நகரங்களில் டெங்குக் காய்ச்சல் பரவுவது வழக்கம். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு அந்நோயைப் பரப்புகிறது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டதும், எல்லா இரத்தப் பரிசோதனைகளையும் உடனே செய்துவிடப் பலர் விரும்புகின்றனர். மருத்துவரோ, "காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று?" என்று முதலில் வினவுகிறார். அவ்வினாவிற்குத் தக்க காரணம் உண்டு.

டெங்குத் தீநுண்மி உடலில் பெருகும்போது, என்.எஸ்.1 என்னும் புரதம் குருதியில் கலக்கிறது. காய்ச்சலின் முதல் ஐந்து நாள்களில் அதனைக் கண்டறிவது எளிது. பின்னர் அது குறையத் தொடங்கும். தீநுண்மியை எதிர்க்க உடல் உருவாக்கும் ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருள், ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பிறகே தெளிவாகத் தென்படும். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். பரிசோதனை மட்டும் செய்தவருக்கு 'நோய் இல்லை' என்று முடிவு வரலாம். எனினும், அவர் உடலில் டெங்கு இருக்கக்கூடும். பரிசோதித்த நாள் பொருந்தாமையே இப்பிழைக்குக் காரணம்.

நலமுள்ளவரின் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 1.5 இலட்சம் முதல் 4.5 இலட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். டெங்குவில் இவ்வெண்ணிக்கை குறையும். ஒருநாள் எண்ணிக்கையை மட்டும் கண்டு அஞ்சுதல் கூடாது; காய்ச்சல் தணிந்ததும் கவலையின்றி இருத்தலும் கூடாது. சிலருக்குக் காய்ச்சல் தணியும் வேளையில்தான் ஆபத்து தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் குருதிக்கசிவு ஆகியவை தோன்றினால், பரிசோதனை முடிவு எவ்வாறு இருப்பினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தேவையற்ற பரிசோதனைகளாலும் தீங்கு உண்டு. நலமுள்ள 100 பேரில் 95 பேரின் அளவுகள் அடங்கும் எல்லையையே ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் 'இயல்பு அளவு' என வகுக்கின்றன. எனவே, நலமுள்ள 20 பேரில் ஒருவரின் அளவு அவ்வெல்லைக்கு வெளியே இருக்கும். ஒருவரே காரணமின்றி 20 பரிசோதனைகள் செய்துகொண்டால், அவற்றுள் ஒன்றேனும் எல்லை கடந்து காட்டும் வாய்ப்பு மிகுதி. நோயின்றியே அச்சமும் வீண்செலவும் அவரைச் சூழும்.

பரிசோதனை என்பது மருத்துவர் நோயாளியின் உடலிடம் கேட்கும் கேள்வி. தக்க கேள்வியைத் தக்க நாளில் கேட்டால்தான் குருதி தெளிவான விடை கூறும். நோயாளியும் காய்ச்சல் தொடங்கிய நாளை மறவாது கூறுதல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்
தீநுண்மி – வைரஸ்
தட்டணுக்கள் – குருதி உறைய உதவும் நுண்ணிய அணுக்கள்
வகுத்தல் – வரையறுத்தல்

பயிற்சி
1. காய்ச்சல் தொடங்கிய நாளை மருத்துவர் வினவுவது ஏன்?
2. காய்ச்சல் தணிந்த பின்னும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் யாவை?
3. நலமுள்ளவரின் பரிசோதனை முடிவும் சிலவேளை எல்லை கடந்து காட்டுவது எவ்வாறு? விளக்குக.
4. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் கூற வேண்டிய செய்திகளை ஐந்து தொடர்களில் எழுதுக.