அமெரிக்க மண்ணில் நிகாஹ்வும் கவுண்டிப் பதிவும்

நிகாஹ்வின் ருக்னுகள் இன்னின்னவை என்பது நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். மணமகன், மணமகள், வலீ, இரு சாட்சிகள், ஈஜாப் கபூல் ஆகிய ஐந்தும் ஷாபிஈ மத்ஹபின் கணக்கு. ஹனபீ மத்ஹபில் ஈஜாபும் கபூலுமே ருக்னு; சாட்சிகள் ஷர்த்து. மஹர் கணவன் மீது கடமை. இவற்றில் எங்கும் அரசாங்கச் சீட்டு என்று ஒன்று இல்லை. இதை வைத்துக்கொண்டுதான், அமெரிக்காவுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் நம் குடும்பங்களில் சிலர், “பள்ளிவாசலில் நிகாஹ் முடிந்துவிட்டது, இனி கவுண்டி ஆபீஸுக்கு எதற்கு?” என்று கேட்கிறார்கள். வேறு சிலர் இதற்கு நேர்மாறு. “ஆபீஸில் பதிந்தாகிவிட்டது, நிகாஹ்வை ஊருக்கு வந்து சாவகாசமாக வைத்துக்கொள்ளலாம்” என்று இருவரையும் ஒரே வீட்டில் குடியமர்த்தி விடுகிறார்கள். இரண்டுமே பிழை. இரண்டாவது மார்க்கத்தில் மிகப் பெரிய பிழை. முதலாவதால் கண்ணீர் வடிப்பவள் பெரும்பாலும் பெண்பிள்ளை.

முதலில் அந்த நாட்டு நடைமுறையைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்கா முழுமைக்கும் ஒரே திருமணச் சட்டம் கிடையாது. ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கென்று சட்டம் வைத்திருக்கின்றன. மாநிலத்திற்குள் கவுண்டி என்பது ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் போன்றது. பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டி கிளார்க் என்னும் அதிகாரியே திருமண லைசென்ஸ் வழங்குகிறார். நியூயார்க் மாநிலத்தில் நகர, ஊர் கிளார்க்குகள் தருகிறார்கள். பென்சில்வேனியாவின் பல கவுண்டிகளில் உயில்களைப் பதியும் அதிகாரியிடமே திருமண லைசென்ஸும் வாங்க வேண்டும். கலியாணத்திற்கும் மரண சாசனத்திற்கும் ஒரே ஜன்னலா என்று சிரிக்கத் தோன்றும், நிலைமை அதுதான்.

இந்த லைசென்ஸ் என்பது திருமணம் நடந்ததற்கான அத்தாட்சி அல்ல, நடத்திக்கொள்ள அனுமதி. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் இடறுகிறார்கள். நம்மூரில் நிகாஹ் முடிந்தபின் ஜமாஅத் தப்தரில் பதிகிறோம், அதன்பின் சார்பதிவாளரிடம் போகிறோம். அங்கே வரிசை வேறு. முதலில் லைசென்ஸ், பிறகு நிகாஹ், அதன்பின் பதிவு. நிகாஹ்வை முடித்துவிட்டு லைசென்ஸ் வாங்கப் போனால், நடந்து முடிந்ததற்கு முன்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள். புதிதாக வாங்கி, அதன் பேரில் மறுபடி ஒப்பந்தச் சொற்களைச் சொல்லிக் கையெழுத்திட வேண்டியதாகிவிடும்.

லைசென்ஸ் வாங்க இருவரும் பாஸ்போர்ட் போன்ற அடையாளச் சீட்டோடு விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக இருவருமே நேரில் வரவேண்டும். எழுதிய விவரங்கள் உண்மையென்று சத்தியம் செய்யச் சொல்வார்கள். கட்டணம் கவுண்டிக்குக் கவுண்டி மாறும். அதைவிட முக்கியமானது நாள் கணக்கு. டெக்ஸாஸில் லைசென்ஸ் கையில் கிடைத்தபின் 72 மணி நேரம் பொறுக்க வேண்டும். நியூயார்க்கில் 24 மணி நேரம் பொறுத்து, 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். கலிபோர்னியாவில் காத்திருப்பு இல்லை. 90 நாட்களுக்குள் அந்த மாநிலத்தில் எங்கும் நடத்தலாம். மிச்சிகனில் மூன்று நாள் பொறுக்க வேண்டும், 33 நாட்களில் காலாவதி. இல்லினாய்ஸில் மறுநாளிலிருந்து 60 நாள் செல்லும். ஆனால் எந்தக் கவுண்டி தந்ததோ அந்தக் கவுண்டிக்குள்ளேதான் செல்லும். சிக்காகோ நகரம் இருப்பது குக் கவுண்டியில். அங்கே லைசென்ஸ் வாங்கிவிட்டு, பக்கத்து டுபேஜ் கவுண்டியில் மண்டபம் பெரிதாக இருக்கிறதென்று நிகாஹ்வை அங்கே வைத்தால், அந்த லைசென்ஸ் அங்கே செல்லாது. வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் இறங்கி, சனிக்கிழமை நிகாஹ் என்று அழைப்பிதழ் அடிக்கும் பெற்றோர்கள், மண்டபத்திற்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கை விசாரித்துவிட வேண்டும்.

அடுத்தது, நடத்தி வைப்பவர் யார் என்பது. மதத் தலைவர் நடத்தி வைக்கும் மணத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கின்றன. பள்ளிவாசல் இமாமும் அதில் அடங்குவார். ஆனால் ஒஹாயோ மாநிலத்தில் அவர் முன்கூட்டியே மாநில அரசிடம் லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். வர்ஜீனியாவில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். நியூயார்க் நகரில் சிட்டி கிளார்க்கிடம் பெயர் பதிந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து நாம் மரியாதையோடு அழைத்துச் செல்லும் ஹஜ்ரத்துக்கு இவை எதுவும் இருக்காது. அதற்காக வருந்தத் தேவையில்லை. குத்பாவை ஹஜ்ரத் ஓதட்டும், துஆவையும் அவரே செய்யட்டும். ஈஜாப் கபூலை அனுமதி பெற்ற உள்ளூர் இமாம் முன்னின்று நடத்தி லைசென்ஸில் கையெழுத்திடட்டும்.

சாட்சிகள் விஷயத்தில் ஒரு மயக்கம் உண்டு. கலிபோர்னியாவில் ஒரு சாட்சி கையெழுத்திட்டால் போதும். டெக்ஸாஸிலும் இல்லினாய்ஸிலும் சாட்சிக் கையெழுத்தே கேட்பதில்லை. சட்டம் கேட்கவில்லையே என்று நாம் விட்டுவிட முடியாது. ஷரீஅத் கேட்கும் சாட்சிகள் மஜ்லிஸில் அமர்ந்திருக்க வேண்டும். கிளார்க் ஆபீஸில் வலீயைப் பற்றி எவரும் விசாரிக்கமாட்டார்கள். ஷாபிஈகளுக்கு வலீ இல்லாமல் நிகாஹ் இல்லை. ஆகவே அந்த ஆபீஸிலேயே நடக்கும் சிவில் சடங்கை மட்டும் செய்துகொண்டு, வலீயும் முஸ்லிம் சாட்சிகளும் இல்லாமல் வந்தவர்கள், நிகாஹ் முடியும்வரை தனித்தனியே இருக்கக் கடமைப்பட்டவர்கள். விசா அவசரம் அந்தச் சட்டத்தை மாற்றாது.

நிகாஹ் முடிந்தது, விருந்து முடிந்தது. லைசென்ஸ் எங்கே? இமாமின் மேஜை இழுப்பறையில் கிடக்கும்; அல்லது மணமகனின் கோட்டுப் பையில். இங்கேதான் காரியம் கெடுகிறது. கையெழுத்திட்ட அந்தத் தாளை, நடத்தி வைத்தவர் குறித்த நாட்களுக்குள் அதே ஆபீஸில் திருப்பிச் சேர்க்க வேண்டும். கலிபோர்னியாவிலும் இல்லினாய்ஸிலும் 10 நாள், டெக்ஸாஸில் 30 நாள், நியூயார்க்கில் 5 நாள். போய்ச் சேர்ந்தால்தான் பதிவேட்டில் ஏறும். பள்ளிவாசலில் பூவேலை போட்டுத் தரும் நிகாஹ் சர்டிபிகேட் வீட்டில் மாட்ட அழகாக இருக்கும். விசா ஆபீஸில் அது மட்டும் போதாது. அங்கே கேட்பது, பதிவேட்டிலிருந்து முத்திரையிட்டுத் தரப்படும் சான்றிட்ட நகல். பெண்ணின் தகப்பனார் இரண்டு மூன்று வாரம் கழித்து, “நகல் வந்துவிட்டதா?” என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மஹரைக் கேட்டு எழுதிக்கொண்டவர் இதையும் கேட்கலாம்.

இந்த நகல் இல்லாவிட்டால் என்னவாகும்? மனைவி என்று எவரிடமும் நிரூபிக்க முடியாது. கணவன் பேரில் மனைவிக்கு வரும் விசா, இன்சூரன்ஸ், அவன் இறந்துவிட்டால் சோஷியல் செக்யூரிட்டி தரும் உதவித்தொகை, வீட்டில் பங்கு என்று எல்லாம் அந்தத் தாளில் தொங்குகின்றன. சில மாநில நீதிமன்றங்கள் லைசென்ஸ் இல்லாத நிகாஹ்வையும் செல்லுபடி என்று தீர்த்ததுண்டு. அதற்கு வழக்காடியாக வேண்டும். எல்லா மாநிலமும் அப்படித் தாராளமாக இருப்பதில்லை.

1993-ல் வர்ஜீனியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. வர்ஜீனியாவிலிருந்த ஒரு முஸ்லிம் ஆணும் பெண்ணும் வக்கீல்கள் மூலம் லண்டனில் நிகாஹ் நடத்தினார்கள். இருவருமே அங்கு நேரில் இல்லை. பின்னர் பாகிஸ்தான் போய்ப் பெண்வீட்டார் விருந்து வைத்து வழியனுப்பினார்கள். திரும்பி வந்து சுமார் ஓராண்டு கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள், வீடும் வாங்கினார்கள். எந்தக் கவுண்டியிலும் லைசென்ஸ் எடுக்கவில்லை. மனவேற்றுமை வந்தபோது, இது திருமணமே அல்ல என்றார் அந்த ஆண். கீழ்க்கோர்ட்டு அதை மறுத்து, விவாகரத்தும் சொத்துப் பங்கீடும் வழங்கியது. மேல்கோர்ட்டு அதை ரத்து செய்தது. நிகாஹ் நடந்த இடம் இங்கிலாந்து, அந்நாட்டுச் சட்ட முறைப்படி நடக்கவில்லை, ஆகவே அது தொடக்கத்திலிருந்தே செல்லாத மணம் என்பது தீர்ப்பு. ஷரீஅத்தில் வக்கீல் மூலம் நிகாஹ் கூடும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அந்தக் கோர்ட்டு அந்த மஸ்அலாவுக்குள் போகவே இல்லை. “இது திருமணமே அல்ல” என்று சொல்லும் துணிச்சலை அந்த ஆணுக்குக் கொடுத்தது இல்லாத ஒரு சீட்டு. அதை முன்பே எடுத்திருக்க ஒரு காலைப் பொழுது போதும்.

தொலைபேசியிலும் வீடியோவிலும் நிகாஹ் நடத்தும் பழக்கம் இன்று பெருகியிருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணமக்கள் ஒருவர் முன் ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த மணத்தை, அதன்பின் இருவரும் சேர்ந்து இல்லறம் நடத்தியிராவிட்டால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மணமாகவே கணக்கில் எடுப்பதில்லை. யூட்டா மாநிலத்தின் யூட்டா கவுண்டி 2020 முதல் வீடியோ வழியாகவே லைசென்ஸும் சடங்கும் முடித்துத் தருகிறது. அதன் பேரில் விசா கேட்பவருக்கும் இந்த நிபந்தனை பொருந்தும்.

மஹர் பற்றிக் கேட்கும் இடமே கவுண்டி லைசென்ஸில் இல்லை. ஆகவே மஹர் எவ்வளவு, உடனே கொடுத்தது எது, பின்னர் தரவேண்டியது எது என்று தனியே நிகாஹ் ஒப்பந்தத்தில் எழுதி இருவரும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், தவணைக் கடனை எழுதி வைக்கும்படி ஏவுகிறது. பிற்படுத்தப்பட்ட மஹர் கணவன் மீதுள்ள கடன்தானே! 2002-ல் நியூஜெர்சியில் ஒரு நீதிபதி, நிகாஹ்வில் எழுதிய 10,000 டாலர் பின்மஹரைச் சாதாரண ஒப்பந்தமாகக் கருதி, கணவன் கொடுத்தே ஆகவேண்டும் என்று தீர்த்தார். எழுத்து இருந்ததால் கிடைத்தது. எல்லா மாநில நீதிபதிகளும் இப்படியே தீர்ப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

விண்ணப்பத்தில் முன்பு மணம் ஆகியிருக்கிறதா, அது எப்போது, எப்படி முடிந்தது என்ற கேள்வி வரும். ஊரில் மனைவி இருக்க, இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்திடுவது பொய்ச் சத்தியம். அந்நாட்டுச் சட்டத்தில் இருதார மணம் குற்றமும்கூட. இதற்குப் பயந்து லைசென்ஸே வேண்டாமென்று நிகாஹ்வை மட்டும் மறைவாக வைக்கச் சொல்பவர்களை நான் கண்டிக்கிறேன். நிகாஹ்வைப் பகிரங்கப்படுத்தச் சொன்னவர்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். லைசென்ஸ் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், ஏன் என்று பெண்வீட்டார் கேட்டுத் தெளிவடையாமல் நாள் குறிக்கக் கூடாது. அதேபோல, பதிவான மணம் தலாக்கினால் ஷரீஅத்தில் முறிந்தாலும் அந்நாட்டுச் சட்டத்தில் முறியாது. கோர்ட்டுத் தீர்ப்பும் வேண்டும். கோர்ட்டுத் தீர்ப்பு மட்டும் வாங்கிவிட்டு, தலாக்கோ குலாவோ ஆகாமல் பெண்ணை அந்தரத்தில் தொங்கவிடுவதும் நடக்கிறது.

பெயர் எழுதும்போது நம்மவர்களுக்குத் தனித் தொல்லை. நாம் தகப்பனார் பெயரை முதலெழுத்தாக வைப்பவர்கள். பாஸ்போர்ட்டில் சிலருக்குத் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். லைசென்ஸிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். மணத்திற்குப் பின் பெயரை மாற்றிக்கொள்கிறீர்களா என்றும் கேட்பார்கள். கணவன் பெயரைச் சேர்க்க மார்க்கம் சொல்லவில்லை, சட்டமும் வற்புறுத்தவில்லை. தகப்பனார் பெயரோடு இருப்பதே நம் வழக்கத்திற்கு ஏற்றது, பிற்காலத் தொல்லையும் குறைவு.

ஊரிலேயே நிகாஹ் முடித்து மனைவியை அழைத்துப் போகிறவர்களுக்குக் கவுண்டியில் வேலை இல்லை. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிந்து சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஜமாஅத் தப்தர் நகல் மட்டும் போதாது.

அங்கே பதிந்த மணத்தை நம் நாட்டில் காட்ட வேண்டியவர்கள், சான்றிட்ட நகலைப் பெற்று, அந்த மாநிலத்தின் செகரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் அப்போஸ்டில் என்னும் முத்திரைச் சீட்டை இணைத்து வாங்க வேண்டும். இந்தியா இந்த ஏற்பாட்டில் 2005 முதல் சேர்ந்திருக்கிறது. கலிபோர்னியாவில் நகல் கேட்கும்போது, தம்பதியரும் அவர்களின் பெற்றோர், பிள்ளைகள் போன்றோரும் பெறும் முழுச் செல்லுபடியுள்ள நகலையே கேட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்குத் தரும் தகவல் நகலில், அடையாளத்தை நிரூபிக்கச் செல்லாது என்று அச்சிட்டிருக்கும். எடுக்கும்போதே இரண்டு மூன்று நகல்கள் எடுத்து, ஒன்றைப் பெண்ணின் பெற்றோர் வீட்டில் வைத்துவிடுங்கள்.