வெளிநாட்டுத் தொழிலாளரும் உள்ளூர் வேலைவாய்ப்பும்: வணிகர் அறிய வேண்டியவை



ஊருக்குப் பக்கத்தில் பெரிய ஆலை வருகிறது என்று பேச்சு எழுந்தால், முதலில் மகிழ்கிறவர்கள் வணிகர்களாகிய நாம்தான். ஆயிரம் பேருக்கு வேலை கிடைத்தால் ஆயிரம் வீடுகளுக்கு மாதச் சாமான் போகும் என்பது நம் கணக்கு. ஆனால் கார், பேட்டரி, செல்போன், சிப் முதலியவற்றைச் செய்யும் உயர் தொழில்நுட்ப ஆலைகள் வரும்போது, கூடவே வெளிநாட்டு ஆட்களும் வருகிறார்கள். "நம் பிள்ளைகளுக்கு வர வேண்டிய வேலையை இவர்கள் எடுத்துக்கொள்கிறார்களே!" என்ற குறையும் கடை வாசலில் காதில் விழுகிறது.

இது உண்மைதானா? இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கூற இயலாது. வெளியே நடந்தவற்றைப் பார்த்துவிட்டு, நம் தொழிலுக்கு அதில் என்ன பாடம் என்று காண்போம்.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகருக்கு அருகே எல்லாபெல் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே ஹூண்டாய் கார் ஆலையை ஒட்டி, ஹூண்டாயும் எல்.ஜி. நிறுவனமும் சேர்ந்து 430 கோடி டாலர் மதிப்பில் பேட்டரி ஆலை ஒன்றைக் கட்டி வந்தன. 2025 செப்டம்பர் 4 அன்று குடியேற்றத் துறை அதிகாரிகள் அந்தக் கட்டுமான இடத்தில் நுழைந்து 475 பேரைப் பிடித்தனர். அவர்களில் 300க்கு மேற்பட்டோர் தென் கொரிய நாட்டவர். கையிலும் காலிலும் விலங்கிட்டு அவர்களை அழைத்துச் சென்ற காட்சியை உலகமே பார்த்தது. ஒரு வாரத்துக்குப் பின் தனி விமானம் வந்து அவர்களை ஊருக்கு அழைத்துச் சென்றது.

வேலை செய்ய உரிமையில்லாத குறுகிய கால அனுமதியில் வந்து வேலை செய்தார்கள், சிலர் காலம் கடந்தும் தங்கினார்கள் என்பது அதிகாரிகள் தரப்பு. இயந்திரங்களைப் பொருத்திச் சரிபார்க்க வந்தவர்களே பலர் என்பது மறு தரப்பு. விளைவு என்ன? ஆலை திறப்பது குறைந்தது 2, 3 மாதங்கள் தள்ளிப்போகும் என்று ஹூண்டாய்த் தலைவரே அறிவித்தார். ஆலை திறந்தால்தானே உள்ளூர் ஆளுக்கு வேலை? உள்ளூர் வேலையைக் காக்க எடுத்த நடவடிக்கை, அந்த வேலையையே தள்ளிப்போட்டது.

அதிபர் டிரம்ப்பும் அதே மாதத்தில், வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நிபுணர்களைச் சிறிது காலம் அழைத்து வந்து அமெரிக்கருக்குத் தொழிலைக் கற்றுத்தர வேண்டும் என்று எழுதினார்.

பொருத்துகிறவர் ஏன் வெளியிலிருந்து வர வேண்டும்?

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. அரிசி ஆலையில் கறுப்பு அரிசியைப் பிரிக்கும் சார்டெக்ஸ் இயந்திரம் வாங்கினால், விற்ற கம்பெனியின் மெக்கானிக் வந்துதான் பொருத்துகிறார். சில நாள் தங்கி, ஓட்டிப் பார்த்து, நம் ஆளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் நம் ஆலையாளின் வேலையைப் பறித்ததாக யாரும் சொல்வதில்லை.

பேட்டரி ஆலையும் அப்படித்தான், அளவுதான் பெரிது. செம்புத் தகட்டிலும் அலுமினியத் தகட்டிலும் மருந்துக் கூழை ஒரே கனத்தில் பூச வேண்டும். ஈரம் புகாத அறையில் அடுக்க வேண்டும். கனம் சிறிது மாறினாலும் சரக்கு கழிவாகும். அந்த இயந்திரத்தை ஏற்கெனவே ஓட்டியவர்தான் அதை அமைக்க முடியும்.

சிப் ஆலையிலும் இதே கதை. தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆலை அமைப்பதாக 2020இல் அறிவித்தது. 2023 ஜூலையில், தேர்ந்த ஆட்கள் போதவில்லை, உற்பத்தி 2024இலிருந்து 2025க்குத் தள்ளிப்போகிறது, தைவானிலிருந்து ஆட்களை அழைக்கிறோம் என்றது. உள்ளூர்க் குழாய் வேலையாளர் சங்கம் எதிர்த்தது. சுமார் 500 தைவானியருக்கு விசா தரக்கூடாது என்று கையெழுத்து வாங்கியது. கடைசியில் 2023 டிசம்பரில் கட்டுமானத் தொழிற்சங்கங்களும் நிறுவனமும் உடன்பாட்டுக்கு வந்தன. அமெரிக்கப் பொறியாளர்களை நிறுவனம் தைவானுக்கே அனுப்பித் தொழில் பழக்கியது. 2024 கடைசியில் உற்பத்தி தொடங்கிவிட்டது. இரு தரப்பும் உட்கார்ந்து பேசியதால் காரியம் நடந்தது.

இன்னொரு வகை ஆள்

இதுவரை கண்டவர் கற்றுத்தர வந்தவர். அவருக்குச் செலவு அதிகம். ஆகவே நிறுவனமே அவரை நெடுநாள் வைத்துக்கொள்ள விரும்பாது. மலிவான கூலிக்காகவே கொண்டுவரப்படும் இன்னொரு வகை ஆளும் உண்டு.

நம்மவர் பலர் அறிந்த பினாங்கில் 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியது. அங்கே மின்னணு ஆலைகளில் முதலில் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். பின்னாளில் மலேசிய மின்னணு ஆலைகள் நேபாளம், வங்கதேசம், இந்தோனேசியா, மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் ஆட்களை எடுத்தன. 2014இல் வெரிட்டே என்ற அமைப்பு 501 தொழிலாளரை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 28 சதவீதத்தினர் கட்டாய உழைப்பு நிலையில் இருந்ததாக அது கூறியது. தரகருக்குக் கொடுத்த பணத்துக்காகப் பட்ட கடனும், கடவுச்சீட்டு பிறர் கையில் இருப்பதும் முக்கியக் காரணங்கள்.

இதில் அந்த ஏழை ஆளின் குற்றம் எதுவும் இல்லை. அவரை அப்படி அமர்த்தும் ஏற்பாடுதான் தவறு. வணிகக் கண்ணோடு பார்த்தாலும் இது நமக்கு நன்மை தராது. கூலியில் ஒரு பங்கு தரகர் கடனுக்குப் போகிறது. மீதி ஊருக்குப் போகிறது. அவருக்குக் குறைந்த கூலி கொடுத்துப் பழகிய ஆலை, உள்ளூர் ஆளுக்கும் அதையே காட்டுகிறது. கடைத்தெருவுக்கு வர வேண்டிய பணம் வருவதில்லை.

நம் அனுபவம்

ஜார்ஜியாவில் பேசப்பட்ட அதே ஹூண்டாய் 1996இல் நம் இருங்காட்டுக்கோட்டையில் கால் பதித்தது. அப்போதும் கொரியர்கள் வந்தார்கள். 1998இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. வரிசையில் நின்று வேலை கற்றவர்கள் நம் பிள்ளைகள். 2026 ஜனவரி 1 முதல் அதன் இந்திய நிறுவனத்துக்கு முதல்முறையாக ஓர் இந்தியர், தருண் கார்க், தலைமை ஏற்பார் என்று 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. தொழில் கை மாறி மேல்நாற்காலி வரை வர 30 ஆண்டுகள் ஆயின.

2025 ஜூலையில், இந்தியாவிலுள்ள ஐபோன் ஆலைகளிலிருந்து பாக்ஸ்கான் நிறுவனம் 300க்கு மேற்பட்ட சீனப் பொறியாளர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஆசிரியர் பாதியில் போய்விட்டால், அதுவரை எத்தனை பேர் கற்றிருக்கிறார்கள் என்பதே கேள்வி. ஆகவே வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவதைவிட, கற்றவர் எத்தனை பேர் என்று எண்ணுவதே சரியான கணக்கு.

கடைக்காரர் கவனிக்க வேண்டிய மூன்று காலங்கள்

மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாங்கள், ஆலைப் பகுதிக் கடைகளின் பற்று வரவைப் பார்த்து அறிந்ததைக் கூறுகிறோம்.

முதலாவது, கட்டுமானக் காலம். கூட்டம் அதிகம், விற்பனை வேகம். ஆனால் இது ஓராண்டோ ஈராண்டோதான். ஒப்பந்தக்காரர் மாறினால் ஆட்களும் மாறுவார்கள். எங்களிடம் சரக்கெடுக்கும் கடைக்காரர் ஒருவர், ஒப்பந்தக்காரரின் சமையல் கூடத்துக்கு மூன்று மாதச் சரக்கைக் கடனில் கொடுத்தார். வேலை முடிந்ததும் கூடாரம் காலி. பாக்கி இன்றுவரை பேரேட்டில்தான் நிற்கிறது. இந்தக் காலத்தில் ரொக்கம் அல்லது வாரக் கணக்கு. அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, இயந்திரம் பொருத்தும் காலம். வெளிநாட்டார் வருவது இப்போதுதான். அவர்களில் பலர் சென்னையில் தங்குவார்கள். அவர்களுக்கான சாமானுக்குத் தனிக் கடைகள் உண்டு. நம் மளிகைக்கு அவர்களால் பெரிய வியாபாரம் இல்லை. ஆனால் வீட்டு வாடகை ஏறும், அதைக் காட்டிக் கடை வாடகையையும் ஏற்றுவார்கள். வியாபாரம் ஏறுமுன் வாடகை ஏறுகிற காலம் இது. பெரிய முன்பணம் கட்டி நீண்ட ஒப்பந்தம் போட வேண்டாம்.

மூன்றாவது, உற்பத்திக் காலம். உள்ளூர் ஆள் நிரந்தரமாகி, குடும்பம் வைத்து, மாதச் சாமான் பட்டியலோடு வருவது இப்போதுதான். கடையைப் பெரிதாக்க இதுவே ஏற்ற நேரம்.

இதிலும் ஒரு எச்சரிக்கை. தொழிலாளர் விடுதியில் தங்கினால் சாமான் வாங்குபவர் சமையல் ஒப்பந்தக்காரர்தான். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண்கள் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். இத்தகைய இடங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வழங்கும் வாய்ப்பைத் தனிக் கடைக்காரர் பெறுவது கடினம். சங்கமாகச் சேர்ந்து கேட்டால் வழியுண்டு.

மேலும், ஒரே ஆலையை நம்பிக் கடை வைக்கக்கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை நாம் மறக்கலாகாது. வேலை கற்றவர்கள் இருந்தும் ஆலை நிற்கவில்லை.

கேட்டறிய வேண்டியவை

ஆலைப் பக்கம் கடை எடுக்குமுன் நான்கு செய்திகளை விசாரியுங்கள். ஒன்று, நிரந்தர ஆட்கள் எத்தனை, ஒப்பந்த ஆட்கள் எத்தனை? இரண்டு, அருகிலுள்ள ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறார்களா? மூன்று, வெளிநாட்டு நிபுணர் எவ்வளவு காலம் இருப்பார், அவர் பக்கத்தில் நின்று கற்கும் நம் ஆள் யார்? நான்கு, தொழிலாளர் விடுதியிலா, வீடுகளிலா தங்குகிறார்கள்?

மாவட்டத் தொழில் மையத்திலும் பயிற்சி நிலையங்களிலும் இவற்றைக் கேட்கலாம். கிளைச் சங்கங்கள் சேர்ந்து கேட்டறிந்து உறுப்பினர்களுக்குத் தெரிவித்தால் பலருக்கும் பயன்படும்.

வெளிநாட்டார் வந்தார் என்பதற்காக அஞ்சவும் வேண்டாம், அதை நம்பிக் கடன் வாங்கவும் வேண்டாம். அவர் விட்டுச் செல்லும் தொழில் நம் பிள்ளைகளின் கையில் தங்கினால், அவர்களின் சம்பளம் நம் கல்லாவுக்கு வரும்.